திரு

பலகையின் முதுகில் ஒட்டியிருந்த
என் எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்.
இரவு பதினொன்றே கால்.
"போர்டு வச்சது நீங்கதானா?"
ஆமாம் என்றேன்.
"நல்லா இருப்பீங்க"
என்றார், வைகிற குரலில்.

தலைவாசல் சடையப்பன்.
லாரி மேல் அறுவடை இயந்திரம்.
திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் பதினாலு ஏக்கர்,
பனி உலர்ந்ததும் வயலில் இறக்க வேண்டும்.
அவர் நின்றதோ தஞ்சாவூரைத் தாண்டி
திருவாரூர் சாலையில்;
எங்கும் பிளக்காத தடுப்புச்சுவரோடு
ஒன்பது கிலோமீட்டர் போய்
திரும்பி வந்து.

"திருன்னு பார்த்தேன் தாயி.
மீதியப் படிக்கறதுக்குள்ள
விட்டு விட்டு வந்த கோடு கெட்டியாயிருச்சு.
இடப்பக்கம் ஒரு திரு, நடுவுல ஒரு திரு,
சோத்தாங்கைப் பக்கம் இன்னொரு திரு.
வர்றவன் திருதிருன்னு முழிக்காம
என்ன பண்ணுவான்?"

மூன்றையும் வெட்டியவள் நான்தான்.
ஒளிரும் வெள்ளைத் தாளில்
கத்தி மூன்று முறை ஒரே வளைவில் போய் வந்தது.
திரையில் பார்த்தபோது
மூன்று அம்புக்கு மேல் மூன்று திரு
ஒரே மட்டத்தில், கண்ணுக்கு லட்சணமாக.
திருத்துறைப்பூண்டி மட்டும்
பலகையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது.
எழுத்தை நெருக்கி உட்கார வைத்தேன்.

அறுபதில் வந்தாலும்
நொடிக்குப் பதினேழு மீட்டர் ஓடுகிறது சாலை.
ஒரு திரு கழிவதற்குள்
ஒரு வீட்டு மனை நீளம் போய்விடும்.
அன்றிரவு கூட்டிப் பார்த்தேன்,
தூக்கம் வரவில்லை.

கோட்டப் பொறியாளர் ஞானதிரவியத்திடம் போய்
திருவைச் சின்னதாக்கலாம் என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"ஊர்ப்பேரில் மரியாதையக் குறைச்சிட்டு
நான் இந்த ஜில்லாவுல வேலை பார்க்கவா?"
அவர் சொன்னதும் சரிதான்.
வாசலில் எத்தனை கொடி வந்து நிற்குமென்று
எனக்கும் தெரியும்.

அப்படியானால் தரையில் எழுதலாமா,
பலகைக்கு அறுநூறு மீட்டர் முன்னாலேயே,
அந்தந்தத் தடத்தில் அந்தந்த ஊர்?
யோசித்தார்.
"தரையிலயா?
அப்ப திரு போடவே கூடாது.
சக்கரம் ஏறும்."

கையெழுத்து அங்கேயே கிடைத்தது.

காரைக்கால் அந்துவான் கூம்புகளை அடுக்கி
ஒவ்வொரு தடமாக மறித்தான்.
கொப்பரையில் வெள்ளை கொதித்தது.
வையாறு. வாரூர். பூண்டி.
ஓர் எழுத்து மூன்றரை மீட்டர் உயரம்,
தூரத்துக் கண்ணுக்குச் சரியாகத் தெரிய
இழுத்து இழுத்து எழுதணும்.
குறில்கூட நெடிலாகப் படுத்திருந்தது.
சூடு ஆறுமுன் கண்ணாடி மணி தூவினோம்,
கோலப்பொடி விரலில் வழிகிற மாதிரி.
யாவின் மேல் நின்று குனிந்து பார்த்தால்
அது எழுத்தே இல்லை,
யாரோ கொட்டிவிட்டுப் போன சுண்ணாம்பு.

நடுத்திட்டு அரளிக்குப் பக்கத்தில் நின்று
விடியும்வரை எண்ணினேன்.
உர லாரி ஒன்று
கோடு விட்டு விட்டு இருக்கும்போதே
இடது விளக்கைச் சிமிட்டியது.
அப்புறம் ஒரு வேன். ஒரு டேங்கர்.
ஒரு மினி பஸ் எதையும் பார்க்காமல்
இரண்டு ஊருக்கும் நடுவில் போயிற்று,
அதற்கு நான் பொறுப்பில்லை.
நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தவள்
நாற்பதுக்கு மேல் எண்ண மறந்து
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை. அதே எண், பகலில்.
"வையாறு மேலயே ஏத்தி வந்துட்டேன் தாயி,
அறுப்பும் முடிஞ்சது.
ஒண்ணு கேக்கணும்.
திரும்பறப்ப எதிர்ப்பக்கத்துலேருந்து பார்த்தேன்,
போர்டு முதுகு மொட்டையா இருக்கு,
உங்க நம்பர் மட்டும்தான்.
ஊருக்குப் போறவனுக்கு
ஒண்ணும் எழுத மாட்டீங்களா?"

அந்தப் பக்கம்
வேறொருத்தர் டெண்டர் என்றேன்.